தப்பா மாட்டவே முடியாது

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. பெங்களூர்ல இருந்து வெடியக்காலமே கிளம்பியிருப்பீங்க. சாந்தா, கம்பெனித் தம்பி வந்துட்டாரு, காப்பி கொண்டா. போன்ல இருக்கறாளாட்ட இருக்குது. அவ அக்காகூடப் பேச ஆரம்பிச்சா காப்பி சித்தெ லேட்டாத்தான் வரும், மனசுல வெச்சுக்காதீங்க.

நீங்க கேட்டது நல்ல கேள்வி. இதை யாரு வேணாலும் மாட்டிக்கலாமா, ஒண்ணும் தெரியாத ஒரு ஆளை வெச்சு சோதிச்சுப் பார்த்தீங்களான்னு கேட்டீங்க. பார்த்தேனுங்க. பார்த்ததுல என்ற குடும்பமே ரெண்டாகிப் போச்சு. மக கல்யாணமே நிக்கற மாதிரி ஆயிருச்சு. உங்க கம்பெனியில ஒரு வரியில கேட்டுட்டாங்க, அனுபவிச்சவன் நானு.

அந்தச் செவுத்துல சாஞ்சிருக்குது பாருங்க ஒரு அட்டைப்பெட்டி, கதவு கணக்கா. அதுக்குள்ள ஒரு சமையல்கட்டே இருக்குதுங்க. அடுப்பு மேடை, பாத்திரம் கழுவற சிங்க், காத்துக்கு மறைப்பு, எல்லாம். தோட்டத்துல வெச்சுக்கலாம், மொட்டைமாடியில வெச்சுக்கலாம், மழை பேஞ்சாலும் துருப்பிடிக்காது. முன்னாலெல்லாம் நானும் எல்லாரையும் போல முழுசா வெல்டிங்ல பத்த வெச்சு, ஒரே உருப்படியாத்தான் அனுப்பிக்கிட்டிருந்தேன். ஒருக்கா சரவணம்பட்டியில ஒரு வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். மாடிப்படி திருப்பத்துல மாட்டிக்கிச்சு. மேலயும் போகலை, கீழயும் வரலை. அந்த வீட்டுக்காரங்க மேல போகோணும்னா அதுக்கடியில குனிஞ்சு போனாங்க. வீட்டுக்கு வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன், சாந்தா காப்பியைக் கொடுத்துட்டு, பிரிச்சுக் கொண்டுபோயி மேல வெச்சு மாட்டியிருந்தா என்னங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டா. அவ கேட்டுக்கிட்டிருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை உதிச்சுது பாருங்க. பிரிச்சு அனுப்பினா என்ன? அப்படி வந்ததுதானுங்க இந்த டிசைன். எனக்கு எல்லாமே இப்படித்தான், திடீர்னு தோணும்.

இதுல விசேஷம் என்னன்னா, தப்பா மாட்டவே முடியாது. ஒவ்வொரு தகட்டு ஓரத்துலயும் ஒரு நாக்கு நீட்டிக்கிட்டிருக்கும், அது போயி உக்கார இன்னொண்ணுல ஒரு பொளி வெட்டியிருக்கும். ஒரு நாக்கு அதுக்குன்னு வெட்டின பொளிக்குள்ளதான் போகும், வேற எதுலயும் போகாது. அதனால எந்த மடையனா இருந்தாலும் சரியாத்தான் மாட்டோணும், வேற வழியே இல்லை. ஆயுதம்னு பார்த்தா ஒரே ஒரு ஆலன் சாவி, அதுவும் பெட்டியிலயே இருக்குது.

உங்க கம்பெனி சார்தான் போன்ல சொன்னாரு, நீங்க சொல்றதெல்லாம் சரி, ஒண்ணும் தெரியாத ஒரு ஆளு யார் உதவியும் இல்லாம மாட்டறதை வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு. சரின்னுட்டேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, நாட்டுல ஒண்ணும் தெரியாத ஆளு கிடைக்கறது எத்தனை கஷ்டம்னு.

என்ற தகட்டுப் பட்டறை ஆளுங்க ஆகாது, அவங்களுக்குத் தெரியும். சாந்தாவை மாட்டச் சொன்னேன். நான் வெளிய போயி ஒரு போன் பேசிட்டு வர்றதுக்குள்ள நிறுத்தி, மேல ஒரு கோலப்பொடி டப்பாவையும் வெச்சுட்டு நிக்கறா. கடைசித் திருகை முடுக்கறதுக்கு முன்னால முழங்கால்ல ஒரு முட்டுக் கொடுக்கோணுமுங்க, அப்பத்தான் ஓட்டை நேருக்கு வருதுன்னா. ஆமா, அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்கறேன்னேன். ஆனா அவளைக் கணக்குல சேர்க்க முடியாதுங்களே. என்கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்தினவ, காத்துவாக்குல விழுந்ததே பாதி இஞ்சினியரிங் படிச்ச மாதிரி. எதுத்த வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரைக் கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதில்லீங்களா சார்னு மரியாதையாத்தான் கேட்டேன். அன்னையில இருந்து வாக்கிங்ல என்னைப் பார்த்தா ரோட்டுக்கு அக்கட்டால போயிடறாரு.

அப்பத்தான் என்ற சகலை ஞாபகம் வந்துதுங்க.

சாந்தாவோட அக்கா நாகமணி, அவங்க வீட்டுக்காரரு திருமூர்த்தி. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. ஊருல பெரிய மனுசன், அவரு வந்தா நாலு பேரு எந்திரிச்சு நிப்பாங்க. கையில ஒரு வேலை செஞ்சு நான் பார்த்ததில்லை. செருப்பு வாரு அறுந்தா ஆளு ஓடிவருவான். பல்பு பியூஸ் போனா ஆளு ஓடிவருவான். திருப்புளியைக் கையில கொடுத்தா எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு கேப்பாரு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. இத்தனை பக்கத்துல வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கறேன் பாருங்க.

என்ற மக பிரவீணாவுக்கு நிச்சயதார்த்தம் வந்துது. மண்டபத்துல பந்தி நடக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் ஒரு வரிசை, எதுத்த வரிசையில சகலை. நான் பரிமாறறவங்க பின்னால வந்துக்கிட்டிருக்கறேன். சம்மந்தி ஒரு மரியாதைக்கு, தொழில் எப்படிங்க போகுதுன்னு கேட்டாரு. கேட்டாருன்னா சொல்லோணுமுங்களே. டிசைனைச் சொன்னேன், சோதனையைச் சொன்னேன். ஆளு கிடைச்சுதான்னாரு. கிடைச்சுருச்சுங்க, கோயமுத்தூர் சில்லா பூரா சலிச்சுப் பார்த்துட்டேன், சுத்தமா ஒண்ணுமே தெரியாத ஆளுன்னா அது எங்க பெரிய சகலை ஒருத்தருதானுங்கன்னேன்.

நான் அதை எத்தனை பெருமையாச் சொன்னேன் தெரியுங்களா. அந்த வரிசை பூரா சிரிச்சுருச்சு. பாயசம் ஊத்தறவன் கூடச் சிரிச்சுட்டான். சகலை சிரிக்கலை. சாம்பார் சோறு பாதி இருக்குது, இலையை மடிச்சாரு, எந்திரிச்சாரு, கை கழுவினாரு, காருல ஏறி உக்காந்துட்டாரு. நாகமணி அண்ணியும் பின்னாலயே ஓடினாங்க. மக விசேசத்துல பெரியப்பன் பாதி இலையில எந்திரிச்சா அதுக்கு மேல என்ன இருக்குது தம்பி. இனி அந்த வீட்டோட பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணத்துக்கும் வரமாட்டேன், என்ற வீட்டுல யாரும் போகவும் கூடாதுன்னு ஆளு மூலமாச் சொல்லி அனுப்பிட்டாரு.

நான் என்ன தப்பாச் சொன்னேன், நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் தெரியாத ஆளு வேணும்னு கேட்டது உங்க கம்பெனி.

அதுல அடி வாங்கினது சாந்தாதானுங்க. அவங்க ரெண்டு பேரும் சின்னதா இருக்கும்போதே ஆத்தா தவறிட்டாங்க. தலை சீவி விட்டது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது, பிரசவத்துக்கு வந்து இருந்தது, எல்லாம் அக்காதான். தினமும் சாயங்காலம் விளக்கு வெச்சதும் ரெண்டு பேரும் போன்ல பேசுவாங்க. அது நின்னு போச்சு. நான் பட்டறையில இருந்து வர்ற நேரத்துக்கு அவ சும்மா உக்காந்திருப்பா, போன் ஒரு மூலையில கிடக்கும். போனும் என்னமோ கெட்டுப் போச்சுங்க, யாருகூடயும் பேசறதில்லை, சாயங்காலம் பார்த்தா சார்ஜே இருக்கறதில்லை. பாவம், இதாவது நல்லா இருக்கட்டும்னு புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் அப்படித்தான் இருக்குது.

ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா. கத்தலை, அழுகலை.

"எங்கக்கா வந்து மஞ்சள் இடிக்காம இந்த வீட்டுல கல்யாண வேலை ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டேனுங்க. பத்திரிகை அடிச்சாலும் சரி, மண்டபம் பேசினாலும் சரி. மாமாவை நீங்கதான் கூட்டிக்கிட்டு வரோணும்."

மஞ்சள் இடிக்கறதுதானுங்க கல்யாணத்துல முதல் வேலை. அது நடக்காம முகூர்த்தக்கால் இல்லை, ஒண்ணும் இல்லை. தை மாசம் கல்யாணம். பொண்ணு என்னைப் பார்க்கற பார்வையே சரியில்லை. எனக்கு ஒரே வெசனமாப் போச்சு. சரி, நேருல போயி விளக்கிச் சொன்னாப் புரிஞ்சுக்குவாருன்னு, ஒரு பெட்டியைக் காரு மேல கட்டிக்கிட்டு உடுமலைக்குக் கிளம்பினேன். யாருக்கும் சொல்லலை, கிளம்பும்போது சாந்தாகிட்ட மட்டும் சொன்னேன்.

போனா, என்ன ஆச்சரியம் தம்பி, நாகமணி அண்ணி சந்தகை பிழிஞ்சு ஆவி பறக்க வெச்சிருக்கறாங்க. தேங்காய்ப்பாலும் இருக்குது. எனக்குச் சந்தகைன்னா உசுரு. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்கறேன், எப்படித்தான் தோணுச்சோ. கூடப்பொறந்தவ புருசன்னா அந்தப் பாசம் சொல்லிருமுங்க.

சகலை பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டாரு. நான் பேப்பரைப் பார்த்தே பேசினேன். சகலை, நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க, ஒண்ணும் தெரியாதுங்கறது குறை இல்லீங்க, அது ஒரு தகுதி, அரைகுறையாத் தெரிஞ்ச ஆளுங்க ஊருல நிறையா, உங்க மாதிரி கலப்படமே இல்லாம ஒண்ணும் தெரியாத ஆளு ஆயிரத்துல ஒருத்தருங்கன்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். பேப்பர் நடுங்குச்சு. மனசு இளகுதுன்னு நெனச்சேன். பேப்பருக்குப் பின்னால இருந்து, அந்தப் பெட்டியைக் கொண்டுபோயி கட்டுத்தரையில மாடுகளுக்குப் பக்கத்துல சாத்துன்னு ஆளுக்குச் சொன்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வந்து சாந்தாகிட்ட, காரியம் பாதி முடிஞ்ச மாதிரிதான்னு சொன்னேன். அவ நெத்தியில கை வெச்சுக்கிட்டா. அப்பறம், சிவப்பு மாடு கன்னு போட்டிருக்குதாமே, பார்த்தீங்களான்னு கேட்டா. நான் எங்க பார்த்தேன்? கட்டுத்தரைப் பக்கமே போகலை. அக்கா நெனப்புலயே இருந்து இருந்து அவளுக்குக் கனவுல வந்திருக்கும், பாவம்.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு மத்தியானம் எங்க குடும்பத்து வாட்ஸப் குரூப்புல ஒரு போட்டோ வந்துது. சகலை போட்டிருக்கறாரு. என்ற சமையல்கட்டு. ஆனா சமையல்கட்டா இல்லீங்க. அடுப்பு மேடை அடியில படுத்திருக்குது, காத்து மறைக்கற தகடெல்லாம் நாலு பக்கமும் செவுரா நிக்குது, சிங்க் ஒரு ஓரத்துல தண்ணிக்கு, நடுவுல பருத்திக்கொட்டையும் தவிடும். சிவப்பு மாடு அதுக்குள்ள வாயை வெச்சுத் தின்னுக்கிட்டிருக்குது. நல்ல அம்சமான தீவனத் தொட்டி. ஓரத்துல வளையல் போட்ட ஒரு கை தெரிஞ்சுது, வேலைக்காரப் பொம்பளையா இருக்கோணும். அடியில சகலை எழுதியிருக்கறாரு: "ஒண்ணும் தெரியாதவன் மாட்டியது. எங்க கழட்டறதுன்னு தெரிஞ்சவங்க வந்து கழட்டிக்கொண்டு போகலாம்."

குரூப்பு பூரா சிரிப்புப் பொம்மை. சம்மந்தியும் ஒண்ணு போட்டிருந்தாரு.

எனக்கு அவமானத்தை விட ஆச்சரியமுங்க. தப்பா மாட்டவே முடியாதே! ஒவ்வொரு நாக்கையும் நானே அளந்து வெட்டியிருக்கறேனே! பேப்பரை எடுத்து வரைஞ்சு பார்க்கறேன், பட்டறையில ஒரு செட்டைப் பிரிச்சுப் போட்டுப் பார்க்கறேன், அந்தத் தொட்டி வரவே இல்லை. சாந்தா வந்து எட்டிப் பார்த்தா. ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோமுங்க, மாமாவே கூப்பிட்ட மாதிரிதான் இதுன்னா. எனக்கும் அதை நேருல பார்க்காமத் தூக்கம் வராதுன்னு ஆயிருச்சு.

போனோம். கட்டுத்தரையில சகலை சேர் போட்டு உக்காந்திருக்கறாரு. அக்காளும் தங்கச்சியும் கதவுப் பக்கம் நிக்கறாங்க, ஒருத்தரை ஒருத்தரு பார்த்துக்கலை, தரையைப் பார்க்கறாங்க. இத்தனை மாசம் பிரிஞ்சிருந்தவங்க, பேசறதுக்கும் வாய் வரலையாட்ட இருக்குது.

நான் ஆலன் சாவியை எடுத்துக்கிட்டு இறங்கினேன். தீவனத்தை வழிச்சுப் போட்டேன். திருகெல்லாம் உள்பக்கமா வெச்சு முடுக்கியிருக்குது. ஒண்ணைத் தளர்த்தினா இன்னொண்ணு இறுகுது. நாக்கை இழுத்தா வரலை, தள்ளினா வரலை. சுத்திச் சுத்தி வர்றேன், மாடும் கூடவே தலையைத் திருப்புது. சட்டையெல்லாம் தவிடு. நாகமணி அண்ணிதான் மெதுவா, முழங்கால்ல ஒரு முட்டுக் கொடுத்துப் பாருங்களேன்னு முனகினாங்க. சாந்தா சொல்ற அதே வார்த்தை! அக்கா தங்கச்சின்னா நெனப்புக் கூட ஒண்ணாத்தான் ஓடுமாட்ட இருக்குதுங்க. ஆனா பொம்பளைங்க சொன்னதைக் கேட்டா சகலை முன்னால நல்லாவா இருக்கும், காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன்.

வேர்த்துக் கொட்டுது. சகலை பேப்பரை மடிச்சு மடியில வெச்சுக்கிட்டாரு. நிச்சயத்துக்குப் பொறகு மூஞ்சியைப் பார்த்துப் பேசின முதல் பேச்சு அதுதான்.

"என்னுங்க சகலை, எங்க கழட்டறதுன்னு தெரியுதுங்களா?"

நான் சாந்தாவைப் பார்த்தேன். அவ தரையில இருந்து கண்ணை எடுத்து என்னையே பார்த்துக்கிட்டிருக்கறா. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அவ என்னை அப்படிப் பார்த்ததில்லைங்க. கை ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. பொண்ணு கல்யாணம், மஞ்சள், அவ அக்கா, எல்லாம் அந்தக் கண்ணுல இருந்துது. இந்த ஆறுச்சாமின்னா கோயமுத்தூர் கணபதியில தெரியாத ஆளில்லை தம்பி, தகட்டு வேலையில எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்குதுன்னு நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லை.

"தெரியலீங்க சகலை"ன்னேன்.

மாடு மென்னுக்கிட்டிருந்துது. சகலை என்னைப் பார்த்தாரு, தொட்டியைப் பார்த்தாரு. அப்பறம் பின்னால திரும்பாமயே அண்ணிகிட்டச் சொன்னாரு.

"நாகு, மஞ்சள் இடிக்க நல்ல நாளு எதுன்னு கேளு. நாம முந்தின நாளே போயிருவோம்."

அவ்வளவுதானுங்க. சாந்தா ஓடிப்போயி அக்காளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி. சகலையும் எந்திரிச்சு வந்து என்ற தோள்ல இருந்த தவிட்டைத் தட்டி விட்டாரு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு நெசமாவே தெரியாமச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. இன்னும் சித்தெ நேரம் விட்டிருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேன். பெரிய மனுசன் மனசு குளிரட்டும்னு விட்டுக் கொடுத்தேன். அன்னைக்கே சாந்தா சும்மா போயி, கீழ் மூலையில முழங்காலை வெச்சு ஒரு முட்டு முட்டினா, நாலு தகடும் கழண்டு கையில வந்துருச்சு. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? என்ற சம்சாரமுங்க. கூட இருந்தா ஒட்டிக்கத்தானே செய்யும். மறுபடியும் மாட்டி வெச்சுட்டுத்தான் வந்தோம். மாட்டுக்கு அது பிடிச்சுப் போச்சுன்னு சகலை கழட்ட விடலை.

அதனால உங்க ரிப்போர்ட்டுல தைரியமா எழுதிக்குங்க. ஒண்ணும் தெரியாத ஆளை வெச்சுச் சோதிச்சாச்சு, நல்லா நிக்குது. வீடியோதான் இல்லை. என்ன மாட்டினாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும். வர்ற வழியில காருல நான் சாந்தாகிட்டச் சொன்னேன், பாரு, நான் ஒரு வார்த்தை சொன்னேன், எல்லாம் சரியாப் போச்சு. இத்தனை மாசமா அக்காகூட ஒரு பேச்சுப் பேசாம இருந்திருக்கற, இனி என்ன பேசறதுன்னே உனக்கு மறந்து போயிருக்குமேன்னேன். ஆமாங்க, மறந்தே போச்சுங்கன்னு சொன்னவ, சட்டுனு முந்தானையில முகத்தை மூடிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குது. பொள்ளாச்சி தாண்டறோம், குலுங்குது. கிணத்துக்கடவு வந்துருச்சு, இன்னும் குலுங்குது. நடுவுல என்னைத் திரும்பிப் பார்த்தா, பார்த்ததும் மறுபடியும் ஜாஸ்தியாப் போச்சு. இளநீர் வாங்கிக் கொடுத்தேன், அதையும் குடிக்க முடியலை, புரையேறிருச்சு. அழுது தீர்க்கட்டும்னு ஒண்ணும் கேக்காம விட்டுட்டேனுங்க. கூடப்பொறந்தவளைப் பிரிஞ்சிருந்த கஷ்டம் நமக்கென்ன தம்பி தெரியும்.